கன்ட்ரி ஆல்பமும் கணக்குப்பிள்ளையும்

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஒரு ஹாங்கி டாங்க் (மதுக்கூடங்களில் ஆடுவதற்கான கன்ட்ரி இசை) குழுவில் நான் ஃபிடில், அதாவது வயலின், வாசிக்கிறேன். வாரம் முழுக்க மென்பொருள் வேலை, வார இறுதியில் பழைய பாணி கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை. 2024-ல் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து, லேபிள் (ஆல்பம் வெளியிடும் நிறுவனம்) எதுவும் இல்லாமல், கைக்காசு போட்டு 12 பாட்டு கொண்ட ஆல்பம் ஒன்றை வெளியிட்டோம். வாசிக்கிற வேலை சட்டென்று முடிந்துவிட்டது. மற்றதுதான் மாதக்கணக்கில் இழுத்தது. குழுவில் எக்ஸெல் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் அது அத்தனையும் என் தலையில் விழுந்தது. இங்கே சொந்தமாகப் பாட்டு வெளியிட நினைக்கிற நம்மவர்கள் சிலர் விவரம் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் இசை ஆட்டத்துக்கானது. 1964-ல் ஜேம்ஸ் ஒயிட் ஆஸ்டினில் திறந்த புரோக்கன் ஸ்போக் ஆட்டக்கூடம் மாதிரி இடங்களில், தாழ்வான கூரைக்குக் கீழே ஜோடி ஜோடியாகக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் டூ-ஸ்டெப் ஆடிக்கொண்டே சுற்றி வருவார்கள். பாப் வில்ஸ் வளர்த்த வெஸ்டர்ன் ஸ்விங், ரே பிரைஸ் நிலைநிறுத்திய ஷஃபிள் தாளம், இவைதான் எங்களுக்குப் பாடப்புத்தகம். ஒருமுறை வீடியோ காலில் காட்டியபோது அம்மா கேட்டாள்: "கச்சேரிக்கு வந்தவங்க யாரும் உக்காரவே மாட்டாங்களாடா?"

நான் திருச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து வயலின் கற்றவன். இங்கே நின்றுகொண்டு, ஜி-டி-ஏ-ஈ கட்டி வாசிக்க வேண்டும். பழகிக்கொண்டேன். நாஷ்வில் நம்பர் சிஸ்டத்தைப் பார்த்தபோதுதான் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. கோர்டு எனப்படும் ஸ்வரக்கூட்டுகளுக்கு எழுத்து கிடையாது, 1, 4, 5 என்று எண் மட்டும். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் சுருதியை இறக்கிக்கொள்ளலாம், தாளில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஸரிகம சொல்லிப் பழகியவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பதிவை டேப்பில் செய்தோம். ஐந்து பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். இது பழமை மோகம் மட்டும் இல்லை. 2,500 அடி ரீல் நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடினால் 33 நிமிடம்தான் வரும், புது ரீல் விலையோ கொஞ்சநஞ்சம் இல்லை. இன்னொரு டேக் எடுக்கலாமா என்று கேட்கும்போதே காசு கண்முன் வந்து நிற்கும். அதனால் எல்லாரும் வீட்டிலேயே ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு வந்தார்கள். எங்கள் பெடல் ஸ்டீல் கிதார்காரருக்கு எழுபது வயது நெருங்குகிறது. பத்துத் தந்தி, கையில் இரும்புப் பார், காலுக்குப் பெடல், முழங்காலுக்கு லீவர். நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்துவது போலத்தான் பாரை நகர்த்துகிறார், ஆனால் பார் நகராமலே ஒரு தந்தி மட்டும் பெடலால் மேலே ஏறும். அந்த ஏற்றத்தில்தான் இந்த இசையின் அழுகை இருக்கிறது.

பதிவு முடிந்ததும் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு. சொந்தமாக ஆல்பம் போடும் குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாட்டுக்கு இரண்டு காப்புரிமை: வரியும் மெட்டும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. முதலாவது எழுதியவருக்கு. இரண்டாவது பதிவு செய்தவருக்கு, அல்லது அதற்குப் பணம் போட்ட லேபிளுக்கு. லேபிள் இல்லாததால் இரண்டும் எங்களிடமே. கேட்கச் சுலபம். ஆனால் ஜனங்கள் பாட்டை அடையாளம் கண்டுகொள்வது முதல் நாலு பாரில் (தாளச் சுற்றில்) வரும் ஸ்டீலையோ ஃபிடிலையோ வைத்து. அந்த நாலு பாரை இசையமைப்பாகக் கணக்கில் எடுக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை.

ஒரு நாள் பயிற்சி முடிந்து வண்டியில் சாமான் ஏற்றும்போது பேச்சை எடுத்தேன். ஸ்டீல்காரர் ஆம்ப்ளிஃபயரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷமா எத்தனையோ பேருக்கு வாசிச்சிருக்கேன். பாட்டு எழுதினவன்னு என் பேரு எங்கயும் வந்ததில்ல. இப்ப மட்டும் எதுக்குத் தம்பி?" ஆல்பத்தின் சொந்தப் பாட்டெல்லாம் எழுதியவர் எங்கள் பாடகர். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அவர் வாசிச்ச மெட்டுக்கு மேல நான் வார்த்தை போட்ட பாட்டு ரெண்டு இருக்கு. அதுல கால் பங்கு அவருக்கு" என்றார். மற்ற சொந்தப் பாட்டுகளின் இசையமைப்பு முழுக்கப் பாடகருக்கு. ஒலிப்பதிவின் உரிமை ஐந்து பேருக்கும் சமம். அன்றைக்கே ஒரு பக்கத் தாளில் பாட்டுவாரியாகச் சதவீதம் எழுதி, எல்லாரையும் அவரவர் சட்டப்பூர்வப் பெயரில் கையெழுத்துப் போட வைத்தேன். மேடைப்பெயரில் போட்ட கையெழுத்து பின்னால் தலைவலி.

இந்தத் தாள் கையில் இருந்ததால் பதிவுகள் எல்லாம் தட்டச்சு வேலையாகவே முடிந்தன. எழுதியவர்கள் பிஎம்ஐ அல்லது ஆஸ்கேப் என்ற உரிமத்தொகை வசூலிக்கும் அமைப்பில் சேர வேண்டும், வானொலியிலும் மேடையிலும் பாட்டு ஒலித்தால் அதற்கான தொகை அந்த வழியாக வரும். அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கின் மெக்கானிக்கல் பங்கு (பாட்டைப் பிரதி எடுப்பதற்காக எழுதியவருக்குச் சேரும் தொகை) எம்எல்சி வழியாக வருகிறது. 2021-ல் வேலை தொடங்கிய அமைப்பு, சேரக் கட்டணம் இல்லை. சாட்டிலைட் ரேடியோ, இணைய வானொலி ஆகியவற்றில் ஒலிப்பதிவுக்கான தொகையைத் தருவது சவுண்ட்எக்ஸ்சேஞ்ச்: உரிமையாளருக்கு 50 சதவீதம், முன்னணிக் கலைஞருக்கு 45, பக்கவாத்தியக்காரர்களின் நிதிக்கு 5. ஆல்பத்தைக் குழுவின் பெயரில் போட்டதால் நாங்கள் ஐவருமே முன்னணிக் கலைஞர்கள். பாடகரின் தனிப்பெயரில் போட்டிருந்தால் நானும் ஸ்டீல்காரரும் அந்த 5-க்குள் போயிருப்போம். சாதாரண எஃப்எம் கதையே வேறு. அங்கே பாட்டு எழுதியவருக்கு மட்டும்தான் காசு, வாசித்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது. அமெரிக்கச் சட்டம் இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. காப்புரிமை அலுவலகத்தில் ஒரே ஆல்பத்தின் 20 படைப்புகள் வரை ஒரே விண்ணப்பத்தில் பதியலாம், 2024-ல் கட்டணம் 65 டாலர்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பியில் இருப்பவர் விண்ணப்பித்த நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் வேலை செய்து சம்பளம் வாங்கக் கூடாது. எனக்கு கிரீன் கார்டு வரும்வரை டிப் ஜாடியில் என் பங்கைத் தொட்டதில்லை. வக்கீலிடம் கேட்காமல் யாரும் இதில் இறங்காதீர்கள்.

ஆல்பத்தில் இரண்டு பாட்டு மற்றவர்களுடையது. அமெரிக்காவில் ஏற்கெனவே வெளிவந்த பாட்டைத் திரும்பப் பதிவு செய்ய யாரையும் கெஞ்ச வேண்டாம். சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டி உரிமம் எடுத்தால் போதும். நம் பாணிக்கு ஏற்றபடி வாசிக்கலாம், அடிப்படை மெட்டை மாற்றக் கூடாது. ஸ்ட்ரீமிங்குக்கான தொகையைச் செயலிக்காரர்களே கட்டிவிடுகிறார்கள். எல்பி இசைத்தட்டும் சிடியும் அச்சிட்டால் நாம் கட்ட வேண்டும். 2024-ல் விகிதம், ஐந்து நிமிடத்துக்கு மிகாத பாட்டுக்குப் பிரதிக்கு 12.4 சென்ட். 300 எல்பி, 500 சிடி, இரண்டு பாட்டு: 198 டாலர் 40 சென்ட், அதற்கு மேல் சேவைக் கட்டணம். விற்றாலும் விற்காவிட்டாலும் முன்கூட்டியே கட்டினோம். அதே பாட்டை வீடியோவாகப் போட வேண்டுமானால் கதை மாறும். அதற்குப் பதிப்பாளரிடம் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். நாங்கள் வீடியோவுக்குச் சொந்தப் பாட்டையே எடுத்துக்கொண்டோம்.

எல்பி வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்குள் அடக்கினால் சத்தம் நன்றாக இருக்கும். கன்ட்ரிப் பாட்டு மூன்று நிமிடம்தான், ஆகையால் பக்கத்துக்கு ஆறு. தட்டின் நடுப்பக்கம் போகப்போக ஊசி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறைந்துகொண்டே வரும், உச்ச ஒலிகள் அங்கே கரகரக்கும். அதனால் ஃபிடில் கத்துகிற வேகமான பாட்டுகள் வெளி ஓரத்துக்கும், மெதுவான வால்ட்ஸ் உள்ளேயும் போயின. எந்தப் பாட்டு எப்போது என்பதில் எங்கள் ரசனைக்குப் பாதி ஓட்டுதான்.

சோதனைத் தட்டுகள் ஐந்து வந்தன. இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம். நிறுத்தற்கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 1.8 நொடிக்கு ஒன்று. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி, ஆக ஒவ்வொரு சுற்றிலும் ஊசி ஒரே வடுவில் தட்டுகிறது. ஒரு தட்டில் மட்டும் இருந்தால் அந்தப் பிரதிதான் கோளாறு. ஐந்திலும் அதே இடத்தில் இருந்ததால் தட்டுகளை அச்சடிக்கும் உலோக அச்சான ஸ்டாம்பரே பழுது. பாட்டு, நிமிடம், நொடி, எத்தனை பிரதியில் கேட்டது என்று எழுதி அனுப்பினேன். தொழிற்சாலைக்காரர்கள் முதலில் உங்கள் ஊசியை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். 1.8 கணக்கைக் காட்டியதும் மறுபேச்சு இல்லை, புது ஸ்டாம்பர் செய்து அனுப்பினார்கள். ஆனால் வரிசையில் பின்னால் போனோம், வெளியீட்டுத் தேதியும் தள்ளிப்போனது. எல்பி கைக்கு வந்து, கேட்டுப் பார்த்த பிறகே தேதியை ஊருக்குச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலகம் முழுக்க 2015 முதல் வெளியீட்டு நாள் வெள்ளிக்கிழமை. ஸ்பாட்டிஃபையில் புதுப் பாட்டைக் குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்பினால்தான் நம்மைப் பின்தொடர்பவர்களின் பட்டியலில் நாம் சொன்ன பாட்டு உறுதியாக வரும். எங்கள் பாட்டுகளைப் பெயரொத்த வேறொரு குழுவின் பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள், கடிதம் எழுதி மீட்டோம். 2024 முதல் அங்கே 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது. எங்கள் ஆல்பத்தில் பாதிப் பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. இசைக்காரர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் பரவாயில்லை, டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், பொருளில் 10 சதவீதம், அதோடு பணப் பரிமாற்றக் கட்டணமும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்துவிடுகிறது. முன்பதிவுப் பணம் அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தது. உள்நாட்டுக்கு மீடியா மெயிலில் மலிவாக அனுப்பலாம். ஐரோப்பாவுக்கு அஞ்சல் செலவு தட்டின் விலையையே தாண்டிவிடும், இருந்தும் வாங்குகிறார்கள். ஸ்வீடனிலிருந்து ஒருவர், தட்டை அட்டை உறைக்கு வெளியே எடுத்து அதன் பின்னால் வைத்துக் கட்டி அனுப்பச் சொன்னார். இல்லாவிட்டால் வழியில் ஆடி ஆடி உறையின் விளிம்பு கிழிந்துவிடுமாம். அன்றிலிருந்து எல்லாருக்கும் அப்படித்தான் கட்டுகிறேன்.

போட்ட காசு திரும்பி வந்தது ஆட்டக்கூடத்தில்தான். பாஸ் (bass) வாசிப்பவரின் மனைவி மேசை போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது செட் முடிந்து வியர்வையோடு வெளியே வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் இல்லாதவர்களும் எல்பியே கேட்டார்கள், கையெழுத்து வாங்க இடம் தாராளமாக இருக்கிறதாம்.

300-ல் இப்போது ஒரு பெட்டிதான் மீதி. மறு அச்சுக்கு லாக்கர் (lacquer, முதல் மூலத் தட்டு) வெட்டும் செலவு திரும்ப வராது, உலோக அச்சு தொழிற்சாலையிலேயே இருக்கிறது. மற்றவர்களுடைய அந்த இரண்டு பாட்டுக்கு மட்டும் மறுபடி உரிமம் எடுக்க வேண்டும், நடப்பு விகிதத்தில் (2025-ல் அது 12.7 சென்ட்). படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.