குச்சியில் வந்த பன்னீர் ரோஜா

போன தடவை ஆசைப்பட்டு வாங்கிய ஒட்டு ரோஜாவின் (காட்டு ரோஜா வேரில் நல்ல ரகத்தை ஒட்டி வளர்த்த செடி) மேல்பாகம் காய்ந்துபோய், ஒட்டுக்குக் கீழேயிருந்து காட்டுக் கிளை தளதளவென்று கிளம்பியது, நானும் விவரம் தெரியாமல் அதற்குத்தான் ஆறு மாதம் எரு வைத்துக்கொண்டிருந்தேன். போதும்டா சாமி. இந்த முறை பக்கத்து வீட்டு அக்காவிடம் பன்னீர் ரோஜாக் குச்சி நாலு கேட்டு வாங்கினேன். பென்சில் கனம், நான்கு கணு, அடியில் சாய்வாக ஒரு வெட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டு நிழலில் வைத்தேன். பத்து நாளில் சிவப்பாகத் துளிர்த்ததும் வேர் பிடித்துவிட்டது என்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தடிப்புதான், துளிர் வந்தது குச்சியில் இருந்த சத்தில். அது போச்சு. மீதி மூன்றையும் தொடவே இல்லை, நேற்று தரையில் இறக்கியாயிற்று. சொந்த வேர், அதனால் அடியோடு வெட்டினாலும் பன்னீர் ரோஜாவேதான் துளிர்க்கும். அப்புறம், ஆட்டுக்கு எட்டாமல் வேலி கட்டணும்.