சமதரை தேடிய முழங்கால்

இந்தியாவுக்குப் போய் ஆபரேசன் என்றால் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது இருதயமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிட்னி. அதற்குத்தான் மரியாதை. முழங்கால் என்று சொன்னதும், பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஹோர்லிக்ஸைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகாத குறை. "முழங்காலுக்கா சேர்? எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாப் போயிருமே" என்றார்கள். உருவியாயிற்று. மேல் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பெரியவர் உருவிய உருவலில் நான் போட்ட சத்தம் கீழ் டிவிசன் வரைக்கும் கேட்டதாம்.

நடந்தது இதுதான். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஆசிரியர்களுக்குக் கயிறிழுத்தல் வைத்தார்கள். ஹட்டன் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, மைதானம் முழுக்கச் சேறு. வலது கால் சேற்றில் ஊன்றி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் கயிற்றோடு திரும்பியது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து கால் மடங்கினால் சில நேரம் நிமிராது. கரும்பலகையின் கீழ் வரியை எழுதக் குனிவேன், அப்படியே பூட்டிக்கொள்ளும். முன்வரிசைப் பிள்ளைகள் அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருப்பார்கள். நானும் அதற்குத்தான் காத்திருப்பேன்.

ஸ்கேன் எடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. ஒவ்வொரு முழங்காலுக்குள்ளும் மெனிஸ்கஸ் என்று பிறை வடிவத்தில் இரண்டு சவ்வுகள் இருக்கின்றன. தொடை எலும்பின் பாரத்தைக் கீழ் எலும்புக்குப் பரவலாகப் பிரித்துக் கொடுப்பது அவற்றின் வேலை. எனக்கு உட்பக்கத்துச் சவ்வு நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த துண்டு புரண்டு மூட்டுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டது. டாக்டர்மார் அதற்கு வைத்திருக்கும் பெயர் வாளிக்கைப்பிடிக் கிழிசல். இவ்வளவு வலிக்கும் வாளியாவது விலையுயர்ந்த பொருளாக இருந்திருக்கலாம்.

கொழும்பில் செய்யலாம்தான். ஆனால் அங்கே ஆறுதலுக்கு ஒரு கஞ்சி வைத்துத் தர எங்களுக்கு ஆளில்லை. இந்தியாவில் அத்தை இருக்கிறார். 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அந்தப் பக்கம் போன லட்சக்கணக்கானவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போனார்கள். "கடலத் தாண்டி வந்தும் அதே கூடைதான்" என்பார் அத்தை. அவருடைய மகன் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. அவன்தான் டாக்டரிடம் நாள் வாங்கினான்.

எனக்கு மருத்துவ விசா, என் மனைவிக்கு நோயாளியின் உதவியாளர் விசா. இத்தனை வருட வாழ்க்கையில் அவள் எனக்கு உதவியாளர் என்று எழுத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. அதைப் படித்துவிட்டு அவள் பார்த்த பார்வையில் நான் விசாவைச் சத்தமில்லாமல் மடித்து வைத்தேன்.

அப்புறம் பயணம். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் போன நேரத்தில், கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு விமானம் ஓரிரு தடவை போய்த் திரும்பியிருக்கும். கினிகத்தேனை வளைவுகளில் என் கால் பட்ட பாட்டைப் பார்க்க, கடலைத் தாண்டியது ஒன்றுமேயில்லை.

டாக்டர் நல்ல மனுசன், படம் போட்டு விளக்கினார். சவ்வின் வெளி ஓரத்துக்குத்தான் இரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் தைத்தால் ஒட்டும். உள் ஓரத்துக்கு இரத்தமில்லை, தைத்தாலும் பெரும்பாலும் ஒட்டாது, நறுக்கித்தான் எடுக்க வேண்டும். நறுக்கினால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம், ஆனால் பிற்காலத்தில் மூட்டுத் தேய வாய்ப்பு அதிகம். தைத்தால் பல வாரம் ஊன்றுகோல். எனது கிழிசல் வெளி ஓரத்தில் இருந்ததால் தையல். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, முழங்காலில் சின்னச் சின்னத் துளை போட்டு, ஒன்றில் கமரா, மற்றதில் கருவி. 1962இல் ஜப்பானில் வத்தனாபே என்ற மருத்துவர் துளைவழியே உள்ளே பார்க்கும் குழாய்க் கருவியை விட்டு முதன்முதலாக இந்தச் சவ்வை வெட்டியிருக்கிறாராம். என் முழங்காலின் உள்பக்கத்தை நான் டீவியில் பார்த்தேன். அடைமழைக்குப் பிறகு ஓடைத் தண்ணீரில் பஞ்சு மிதக்கிற மாதிரி ஒரே வெள்ளை.

மறுபரிசோதனைக்குப் போனபோது அத்தையும் கூட வந்தார். என்னைப் பார்த்து முடிந்ததும் சேலையை லேசாக உயர்த்தி, "எனக்கும் அந்த மாதிரி ரெண்டு ஓட்டை போட்டுவுட்ருங்க டாக்டரு" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை, கையால் தடவிப் பார்த்தார். வயசோடு தேய்மானத்தால் வரும் கிழிசலில், ஆபரேசன் செய்தவர்களும் செய்ததுபோல் பாவனை காட்டப்பட்டவர்களும் ஒரே அளவுதான் குணமானார்கள் என்று பின்லாந்தில் சோதித்து 2013இல் எழுதியிருக்கிறார்களாம். தொடைத் தசைக்குப் பயிற்சி போதும் என்றார். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "வாத்தியாருன்னா ஓட்ட போடுறாங்க, நமக்குன்னா பயிற்சி" என்று பஸ் ஏறும் வரைக்கும் முணுமுணுத்தார்.

சரி, இனித்தான் கதை. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். படி ஏறுவதைத் தவிர்க்கவும், குந்த வேண்டாம், சம்மணம் போட வேண்டாம், ஊன்றுகோல் விட்ட பிறகு சமதரையில் தினமும் நடக்கவும். பிசியோதெரபிப் பிள்ளை கேட்டாள், "வீட்ல படி இருக்கா சார்?"

"இருக்கு."

"எத்தன?"

"ரோட்லருந்து நூத்திச் சொச்சம்."

"லிப்ட் இல்லையா?"

தோட்டத்து வீட்டை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கொஞ்ச நாள் தங்கிப் போகலாம் என்று அத்தை வீட்டுக்குப் போனால் அது கோத்தகிரி. ஹட்டனைவிட உயரம். வீட்டு வாசலில் ஒரு டம்ளரைக் கீழே போட்டால் அடுத்த வீட்டுக்காரர்தான் எடுத்துத் தர வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய அன்று படிக்கட்டின் அடியில் என் பழைய மாணவர்கள் நாலு பேர் பிளாஸ்டிக் கதிரையோடு தயாராக நின்றார்கள். நான் முழங்காலில் நிற்க வைத்த பையன்கள். "சேர், இறுக்கிப் பிடிச்சிக்கங்க" என்று தோளுக்குத் தூக்கினார்கள். வெள்ளைப் போர்வை போர்த்தியிருந்தது என் மனைவியின் ஏற்பாடு, குளிருக்காக. நாலு பேர் தூக்கி வருவதைத் தூரத்தில் கண்ட மூன்றாம் லயத்துப் பாட்டி, "ஐயோ என் ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். பக்கத்தில் வந்ததும் நான் கும்பிட்டேன். பாட்டி ஒப்பாரியை அப்படியே நிறுத்தி, "நல்லாத்தான் இருக்கியா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். கதிரையைத் தோளில் வைத்துக்கொண்டே பையன்களும் குடித்தார்கள்.

ஊன்றுகோலை விட்டதும் சமதரை தேட வேண்டி வந்தது. மலைநாட்டில் அது சும்மா கிடைக்கிற சாமானா? காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களம் சரிவு. கோயில் வாசல் சமம், ஆனால் போக ஏற வேண்டும். மைதானம் என்றாலே என் கால் கூசியது. ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடி நீளமாக, சமமாக இருக்கிறது. அது மாடியில் இருக்கிறது. கடைசியில் மனைவிதான் கண்டுபிடித்தாள், "ஏங்க, ஸ்டேசன் பிளாட்போம்?" 44 அடிக்கு ஓரடி உயரும் இந்த ரயில் பாதையில்கூட, கோச்சி நிற்க வெள்ளைக்காரன் கொஞ்சம் சமம் பண்ணித்தான் வைத்திருக்கிறான்.

இப்போது தினமும் கொட்டகலை ஸ்டேசனில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கிறேன். முதல் நாட்களில் ஊழியர் ஒருவர் "மாத்தயா, எந்தக் கோச்சிக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்ல என்ற ஊருக்குச் சுற்றுலா போகும் வெள்ளைக்காரர்கள் ஜன்னலால் என்னைப் படமெடுத்தார்கள். வடைக்காரர் ஒருவர் என் நடையைப் பார்த்துவிட்டு, வருகிற போகிற முழங்கால் வலிக்காரர்களை எல்லாம் என் பக்கம் அனுப்ப ஆரம்பித்தார். இப்போது ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, தையல்கார அக்கா, நான் என்று ஒரு ஊர்வலமே போகிறது. ஸ்டேசன் மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பொடி மெனிக்கே கோச்சி வரும்போது மூன்று பேரும் சுவரோரமாக ஒதுங்கி நிற்க வேண்டும், ஏனென்றால் எங்களை வரிசை என்று நினைத்து எங்களுக்குப் பின்னால் சனம் நிற்கத் தொடங்கிவிட்டது.