பயப்படுகிற நாளில்

ஜூன் 8, ஞாயிறு

ஓய்வுநாள் பள்ளியில் இன்று தாவீது, கோலியாத் கதை. சின்னவன் கவண் சுழற்றிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் கல் நெற்றியில் பட்ட இடத்துக்கு ஓடிவிடுகிறோம். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பேச்சு. உன்னால் முடியாது என்கிறார் ராஜாவான சவுல். ஆடு மேய்க்கையில் சிங்கத்துக்கும் கரடிக்கும் என்னைத் தப்புவித்த கர்த்தர் இந்தக் கோலியாத்துக்கும் தப்புவிப்பார் என்கிறான் தாவீது. யாரும் பார்க்காத காட்டில் பழகிய தைரியம் அது. பிள்ளைகளுக்கும் முதலில் அந்த மாதிரி சின்ன வேலைகள் வேண்டும். புதிதாய் வந்த பிள்ளையிடம் போய்ப் பேசுவதே அந்த வயதில் ஒரு கரடிதான்.

ஜூன் 10, செவ்வாய்

இருட்டுக்குப் பயந்து சின்னவன் அழுதான். வந்திருந்த உறவினர் ஒருவர், "இயேசப்பா பிள்ளை பயப்படலாமா?" என்றார். அன்பாய்த்தான் சொன்னார், ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே திகிலடைந்து வியாகுலப்பட்டதை மாற்கு எழுதியிருக்கிறார். பிள்ளையை அடக்கினால் பயம் போகாது, நம்மிடம் சொல்வதுதான் நின்றுபோகும்.

சங்கீதம் 56:3 சொல்லிக்கொடுத்தேன்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

"அப்ப தாவீதும் பயந்தாரா?"

பயந்தார்டா. காத் ஊரில் எதிரிகளான பெலிஸ்தர் பிடித்தபோது பாடியது என்று சங்கீதத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. காத், கோலியாத்தின் ஊர் என்றதும் அவன் அழுகையை மறந்துவிட்டான்.

ஜூன் 13, வெள்ளி

பெரியவள் வகுப்பில் ஒரு பெண் திக்கிப் பேசுகிறாளாம். மற்றவர்கள் அதேபோல் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். இவளுக்கு ஏதாவது செய்ய ஆசை. "ஜெபம் பண்ணிட்டுப் போனா என்னைக் கிண்டல் பண்ண மாட்டாங்கதானே?"

கர்த்தர் பெயரால் அப்படி ஒரு வாக்கைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தானியேல் 3 எடுத்து வாசித்தோம். ராஜா வைத்த சிலையை வணங்காததால் நெருப்புச் சூளைக்கு முன் நிற்கும் மூன்று பேரும், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள். விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்க மாட்டோம் என்கிறார்கள். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதில் யாருக்குத்தான் இந்தப் பதில் பிடிக்கும்?

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். கிண்டல் எல்லை மீறினால் ஆசிரியரிடம் சொல், அது கோழைத்தனம் இல்லை. இயேசுவைப் பிரசங்கித்த பவுலைக் கொல்ல நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சபதம் போட்டதைக் கேட்டு, ஓடிப்போய்ச் சொன்னது அவருடைய சகோதரியின் மகன் (அப்போஸ்தலர் 23). பவுலைக் காவலில் வைத்திருந்த ரோமச் சேனாபதி அந்தப் பையனின் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய் விசாரிக்கிறார். சொல்ல வரும் பிள்ளையை அப்படி நடத்தும் பெரியவர்களும் வேண்டுமே.

ஜூன் 17, செவ்வாய்

பெரியவள் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. சாப்பாட்டு வேளையில் அந்தப் பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தாளாம். "நீயும் திக்கப் போறியா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். காது சுட்டுவிட்டது என்றாள். எழுந்து போகவில்லை.

இரவு குடும்ப ஜெபத்தில் அவனை மன்னிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "இயேசப்பா, அவனைக் கடைசி வரிசைக்கு மாத்திடுங்க" என்றாள். நானும் ஆமென் சொன்னேன்.