800 லீற்றர்

மார்ச் 23

நாளைக் காலை தம்பியும் கப்டனும் தாய்லாந்துப் புக்கெட்டிலிருந்து காலித் துறைமுகத்துக்குக் கிளம்புகிறார்கள், எஞ்சினும் பாயும் பாதிக்குப் பாதி என்று கட்டிய படகில். தொட்டி நிறைய 800 லீற்றர் டீசல் என்று தம்பி பெருமையாக எழுதியிருக்கிறான். எனக்கு எடைதான் கண்ணில் படுகிறது. டீசல் மட்டுமே கிட்டத்தட்ட 670 கிலோ. அதைச் சுமக்கத் தடித்த உடல், தடித்த உடலை இழுக்கப் பெரிய பாய் வேண்டும், ஆனால் ஜன்னல் வைத்து மூடிய சுக்கான் அறை உயரம் என்பதால் பாய்மரத்தைக் குட்டையாக்கிவிட்டார்கள், அதனால் பாய் சின்னது, பாய் சின்னது என்பதால் பெரிய எஞ்சின், எஞ்சினுக்கு டீசல்.

அவன் விட்டுப்போன படகின் படத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஜன்னல்கள் ரொம்பப் பெரிசு.

மார்ச் 24

கிளம்பிவிட்டார்கள். அம்மா கோவிலில் தேங்காய் உடைத்தார்.

மார்ச் 26

இரண்டு நாளும் 7 நொட்டில், அதாவது மணிக்கு 7 கடல்மைல் வேகத்தில், ஓட்டியிருக்கிறார்கள்! மணிக்கு 8 லீற்றர். பாதித் தொட்டி போச்சு, தூரமோ மூன்றில் ஒரு பங்குகூடச் சரியாக முடியவில்லை. காலித் துறைமுகத்துக்கு இன்னும் 760 கடல்மைல் இருக்கிறது. அந்தக் கப்டனிடம் யாராவது வர்க்கமூலம் சொல்லிக்கொடுக்கக் கூடாதா. நீர்மட்டத்தில் 32 அடி நீளம், அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் 7.6 நொட், இப்படிப்பட்ட கனத்த உடலுக்கு எல்லை அதுதான், தானே எழுப்புகிற அலை மேல் தானே ஏற முடியாமல் திணறும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகப்போக ஒவ்வொரு அரை நொட்டும், ரம்பொடை மலையேற்றத்தில் தேயிலைக் கொழுந்து லொறியை அவசரப்படுத்துகிற மாதிரி, டீசலைக் குடிக்கும். 5 நொட்டுக்கு இறங்கினால் மணிக்கு இரண்டரை லீற்றர்தான். மிச்சமுள்ள 416-ஐ வைத்து 830 கடல்மைல் வரை போகலாம். போகலாம்தான், கையிருப்பு என்று ஒன்றும் இருக்காது.

இதை அவனுக்கு அனுப்பினேன். “சரி அக்கா” என்று மட்டும் பதில்.

மார்ச் 27

வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். முதன்மைப் பாயையும் ஏற்றியிருக்கிறார்களாம். எஞ்சின் மெதுவாக ஓட, படகின் சொந்த ஓட்டமே முன்னாலிருந்து கொஞ்சம் காற்றை உண்டாக்கும், வருகிற இளங்காற்றோடு அது சேர்ந்தால் பாய்க்கு உயிர் வரும். அதோடு உருளலும் அடங்கும். பாய் இல்லாமல் எஞ்சினில் மட்டும் போனால் இரண்டு பக்கமும் ஆடி ஆடி ஆளைக் கொன்றுவிடும் என்று முதல் நாளே புலம்பியிருந்தான்.

“எஞ்சின் இருக்குல்ல, அப்புறம் துணி எதுக்கு?” என்று அம்மா கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மார்ச் 28

செய்தி இல்லை. மத்தியானத்திலிருந்து இடி. ஹட்டன் பக்கம் கரண்டும் இல்லை. கடலிலும் இப்படித்தான் இடி மழையா என்று யோசித்தேன், யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

ஜன்னல். சின்னத் துளைகளாக இருந்தால் அலை அடித்தாலும் தாங்கும். இது அகலமான கண்ணாடி, பக்கவாட்டில் ஒரு பெரிய அலை விழுந்து உடைந்தால் தண்ணீர் நேரே படகுக்குள்தான் போகும். வெளியே மாட்ட மூடுபலகை இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை.

மார்ச் 29

செய்தி வந்துவிட்டது! டீசல் ஃபில்டர் அடைத்து எஞ்சின் நின்றுவிட்டதாம். தொட்டி பாதிக்குக் கீழே இறங்கி, படகு ஆடி, அடியில் வருஷக்கணக்காகப் படிந்த கசடெல்லாம் கலங்கி மேலே வந்திருக்கிறது. சின்னப் படகுக்குச் சின்னத் தொட்டி, டீசல் சீக்கிரம் தீர்ந்து புதுசு வரும். பெரிய தொட்டியில் பழையது கிடக்கும், வெப்பமான ஊரில் அடியில் தண்ணீர் சேரும், அந்தத் தண்ணீரில் கிருமி வளரும். பெரிய தொட்டி என்று பெருமைப்படுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

ராத்திரி முழுக்கப் பாயில் மட்டும் 2 நொட். ப்ரொப்பெல்லர் மூன்று இதழ், அசையாத வகை, எஞ்சின் நின்றால் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். இதழ் திரும்பி மடிகிற வகை போட்டிருந்தால் இன்னொரு அரை நொட் கிடைத்திருக்கும். அது விலை அதிகம், பழுது பார்க்கவும் கஷ்டம். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுழலவிட்டால் சில கியர்பொக்ஸுக்கு எண்ணெய் போகாது என்பதால் பூட்டிவைத்தார்களாம்.

மார்ச் 30

நல்லா இருக்கிறான். அவ்வளவுதான்.

மார்ச் 31

சுக்கான் அறை உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கிறதாம். அந்த வடிவமே வட கடல் மீன்பிடிப் படகிலிருந்து வந்தது, இங்கிலாந்து ஃபிஷர் ரகப் படகெல்லாம் அப்படித்தான், குளிரிலும் மழையிலும் கையுறை இல்லாமல் சுக்கான் பிடிக்க. நம்முடைய பக்கத்து வெயிலுக்கு அது கண்ணாடிப் பெட்டி. மேலே பாயைப் பார்க்கவும் முடியாது, கூரையில் ஒரு திறப்பு வெட்டி அண்ணாந்து பார்க்க வேண்டும். இரவில் மழை கொட்டும்போது மட்டும் “அக்கா, இது சொர்க்கம்” என்கிறான்.

பாதிக்குப் பாதி, இரண்டிலும் சேர்த்தி இல்லை என்று பாய்க்காரர்கள் கிண்டல் செய்வார்களாம். நான் அப்படி நினைக்கவில்லை. மெதுவாக ஓட்டுகிற பொறுமை உள்ளவன் கையில் இது நல்ல படகு. 80 குதிரைவலு இருக்கிறதென்று அத்தனையையும் அவிழ்த்துவிடுகிறவன் கையில்தான் ஆபத்து. மார்ச், ஏப்ரலில் இந்தக் கடலில் காற்றே சரியாக வராது, வெறும் பாய்ப்படகு என்றால் இந்நேரம் எங்கே மிதந்துகொண்டிருக்குமோ.

ஏப்ரல் 1

காற்று மேற்கிலிருந்து. நேர் எதிர்.

இதற்குத்தான் பயந்தேன். குட்டைப் பாய்மரம், கீல் என்கிற அடிக்கட்டை ஆழமில்லாமல் நீண்டது, உயரமான அறை, இந்த மூன்றும் சேர்ந்தால் காற்றை எதிர்த்து ஏறவே ஏறாது, 60 பாகை விலகித்தான் போகும், போகிற போதே பக்கவாட்டில் வழுக்கும். எஞ்சினும் பாயும் சேர்ந்து இழுத்தால் கொஞ்சம் கிட்டப் போகலாம். இப்போது இருப்பது கிழக்கு நெடுங்கோடு 83 பாகையில். காலித் துறைமுகத்துக்குக் கிட்டத்தட்ட 170 கடல்மைல். தொட்டியில் 150 லீற்றர் என்று குச்சி விட்டுப் பார்த்துச் சொல்கிறான், ஆடுகிற படகில் குச்சிக் கணக்கு எவ்வளவு சரியோ. எதிர்க் காற்றில் மணிக்கு 3 லீற்றர் என்று வைத்தாலும் 50 மணி நேரம், 4 நொட் கிடைத்தால் 200 கடல்மைல். பத்தும். கசடு மறுபடி கலங்காவிட்டால்.

இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனைக்குத் தெற்கே பெரிய கப்பல்கள் வரிசையாகப் போகும். அங்கே டீசல் தீரக் கூடாது.

ஏப்ரல் 2

நெடுங்கோடு 82 பாகை 10 நிமிடம். மூடுபலகை கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம், இன்றைக்குத்தான் தேடினானாம். இவ்வளவு நாளும்