நான் காணி அளக்கிற ஆள் இல்லை அன்ரி
கியூஎஸ், அதாவது குவான்ரிற்றி சேவேயர் (கட்டட வேலைக்கு எவ்வளவு சாமான், எவ்வளவு காசு எண்டு கணக்குப் பாக்கிற ஆள்) எண்டு சொன்னா ஊரில இன்னும் "அப்ப எங்கட காணியையும் ஒருக்கா அளந்து தாங்கோ தம்பி" எண்டுதான் கேக்கினம் 😄 நான் அளக்கிறது கொன்கிறீட்டும் கம்பியும் காசும் அன்ரி. 10 மீற்றருக்கு 8 மீற்றர் சிலாப் ஒண்டு 25 மில்லிமீற்றர் தடிச்சாலே 2 கியூபிக் மீற்றர் கொன்கிறீட் கூடப் போகுது, அதை பில்லில ஒருத்தரும் பாக்காட்டி றோட்டு ஆஸ்பத்திரி பள்ளிக்கூடம் எண்டு எவ்வளவு பொதுக்காசு கரையும்? 2022ல ஒரு பை சீமெந்து 3000 ரூபாவைத் தாண்டேக்க, பழைய விலைக்கு கையெழுத்து வச்ச கொந்தராத்துக்காரர் பாவம் பாதி வேலையோட நிண்டவை, சீடா (இலங்கையின்ர நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை) விடுற, சாமான் விலை ஏறி இறங்கிறதைக் காட்டுற விலைச்சுட்டியை வச்சு ஃபோர்முலா போட்டு யாருக்கு எவ்வளவு கூட்டிக் குடுக்கோணும் எண்டு விடிய விடிய எக்செல்லோட கிடந்தது நாங்கள்தான். என்ர பட்ச்சில பாதிப்பேர் இப்ப டுபாய், கட்டாரில அளக்கினம், இங்க சைற்றுக்கு ஆள் தேடுறம்.