ஆய்வக நாட்குறிப்பு: சென்னிமலைப் பக்கத்து ஒன்பதாம் வகுப்பு

ஜூன் 17, 2025

பிள்ளைகளை உள்ளே விடுவதற்கு முன் அலமாரியைச் சரிசெய்து முடித்துவிட வேண்டும். கண் மட்டத்துக்கு மேலிருந்த அமிலப் புட்டிகள் எல்லாவற்றையும் அடித்தட்டுக்கு இறக்கியாயிற்று. மேலிருந்து எடுக்கும்போது கை நழுவினால் முகத்தில்தான் விழும். நைட்ரிக் அமிலமும் ஸ்பிரிட்டும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டும் கலந்தால் வெடிக்கக்கூடிய சேர்க்கை அது. ஸ்பிரிட்டை வேறு அலமாரிக்கு மாற்றினேன். சில்வர் நைட்ரேட் பழுப்புப் புட்டியில் இருட்டில் இருக்கட்டும், வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். காஸ்டிக் சோடா என்ற காரத்தின் கரைசல் இருந்த புட்டியின் கண்ணாடி மூடி திறக்கவே வராமல் இறுகிப் போயிருந்தது. காரம் கண்ணாடியை மெல்ல அரிக்கும் என்பதால் அதற்கு ரப்பர் மூடிதான் போட வேண்டும்.

லேபிள் இல்லாத புட்டிகளும் சில இருந்தன. முகர்ந்து பார்த்தாலே தெரியும் என்றார் உடன் வேலை செய்பவர். வேண்டாங்க என்று சொல்லிவிட்டேன். தனித் தட்டில் வைத்து, 'தெரியாதது' என்று எழுதி ஒட்டி, பூட்டியாயிற்று. தலைமையாசிரியரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த லேபிள்கள் ஏன் போயின என்பது தெரிந்ததுதான். ஊற்றியபின் வாயோரம் வழியும் சொட்டு காகிதத்தைத் தின்றுவிடுகிறது. லேபிள் உள்ளங்கைக்குள் இருக்கும்படி புட்டியைப் பிடித்து ஊற்றினால் சொட்டு எதிர்ப்பக்கம் வழியும். முதல் வகுப்பிலேயே இந்தப் பிடியைப் பழக்க வேண்டும்.

ஜூன் 24

முதல் வகுப்புக்கு வெறும் தண்ணீரும் கொஞ்சம் நீல மையும் மட்டும்தான். அமிலம் எங்கே மிஸ் என்று கேட்டார்கள். தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றத் தெரிந்த கைக்குத்தான் அமிலம் தருவேன் என்றேன்.

அளவு ஜாடியைக் கையில் தூக்கிப் பிடித்துப் படித்தவர்கள்தான் அதிகம். தூக்கினால் ஜாடி சாயும், அளவும் மாறும். மேசையில் வைத்துவிட்டு நாம்தான் குனிய வேண்டும். கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்பதால் மேற்பரப்பு பிறை மாதிரி வளைந்திருக்கும். அந்தப் பிறைத்தளத்தின் அடிப்புள்ளி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. பொட்டாசியம் பெர்மாங்கனேட் போல அடர்ந்த நிறமுள்ள கரைசலில் அடி தெரியாது, அதற்கு மட்டும் மேல்விளிம்பைப் படிக்க வேண்டும். ஒரே ஜாடியை மூன்று பேர் மூன்று உயரத்திலிருந்து படித்து மூன்று எண் சொன்னார்கள். அதற்கப்புறம் நான் விளக்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

திரவத்தை அளந்து எடுக்கும் கண்ணாடிக்குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது எங்கள் காலத்துப் பழக்கம். இங்கே அது கிடையாது, தண்ணீராக இருந்தாலும் ரப்பர் பல்புதான். இன்றைக்குத் தண்ணீரை வாயால் உறிஞ்சிப் பழகியவன் நாளைக்கு அமிலத்துக்கும் வாயைத்தான் கொண்டுபோவான். நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளவும் கூடாது. அந்தச் சொட்டு உள்ளே தங்கும் என்று கணக்கிட்டுத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 3

காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்த மாதங்களில் வரும் காற்றைப் பற்றிக் கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்தால் ஸ்பிரிட் விளக்கின் சுடர் படுத்துப் போகிறது, அடைத்தால் புகை வெளியேற வழியில்லை. கடைசியில் மேற்கு ஜன்னல்களை மட்டும் அடைத்துவிட்டுக் கிழக்கே திறந்து வைத்து, விளக்குகளை நடுமேசைக்கு மாற்றினோம். சுடர் நிமிர்ந்து நின்றது.

ஒரு விளக்கை இன்னொன்றின் மேல் சாய்த்துப் பற்ற வைக்கக் கூடாது, ஸ்பிரிட் வழிந்துவிடும். எரியும்போது ஸ்பிரிட் ஊற்றவும் கூடாது. அணைப்பதற்கு ஊதாமல் மூடியைப் போட்டால் போதும், காற்றில்லாமல் தானே அணையும்.

துப்பட்டாவைப் பின்னால் கட்டச் சொன்னபோது இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு பருத்தித் துணித் துண்டையும் ஒரு பாலியஸ்டர் துண்டையும் இடுக்கியில் பிடித்து, மணல் தட்டின் மேல் எரித்துக் காட்டினேன். பருத்தி பற்றி எரிந்து சாம்பலானது. பாலியஸ்டர் உருகிச் சொட்டியது. 'அது தோல்ல விழுந்தா ஒட்டிக்குமுங்களா மிஸ்?' என்று கேட்டாள் ஒரு பெண். ஒட்டிக்கும் கண்ணு, உரித்தால் தோலோடு வரும் என்றேன். இவர்களில் பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது. துணியைப் பற்றி நான் சொன்னதைவிட அந்தச் சொட்டு சொன்னது அதிகம். கட்டாத துப்பட்டா ஒன்றுகூட அப்புறம் இல்லை.

ஜூலை 10

அடர் கந்தக அமிலத்தை நீர்த்துப்போகச் செய்வதை நான் மட்டும் செய்து காட்டினேன். பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி நின்றார்கள்.

பீக்கரில் 100 மி.லி. தண்ணீர், அதில் வெப்பமானி. அமிலம் 5 மி.லி., கண்ணாடிக்குச்சி வழியாகச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே. 28 டிகிரியில் இருந்த தண்ணீர் 40-ஐத் தாண்டியது. அடுப்பே இல்லாமல் சூடேறியதைப் பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. இந்தச் சூடு முழுவதையும் 100 மி.லி. தண்ணீர் பங்கு போட்டுக்கொள்கிறது. தலைகீழாக அமிலத்தின் மேல் தண்ணீரை விட்டால் என்ன ஆகும்? அமிலம் தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட 1.84 மடங்கு கனம். தண்ணீர் அடியில் இறங்காமல் மேலேயே நிற்கும். இரண்டும் தொடும் இடத்தில் பிறக்கும் சூட்டை அந்தக் கொஞ்சத் தண்ணீரே முழுக்கத் தாங்கிக் கொதிக்கும். கொதித்துத் தெறிக்கும்போது அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்கும். அது தெறிக்கும் இடத்தில் இருப்பது குனிந்து பார்க்கிறவரின் முகம்.

'எங்கப்பா சாயப்பட்டறையில தெனமும் ஆசிட் கேனத் தூக்கறாருங்க மிஸ். அவருகிட்டச் சொல்லட்டுங்களா?' என்று கேட்டான் கடைசி வரிசைப் பையன். சொல்லு சாமி, ஆனால் அப்பாவுக்கு இது முன்னமே தெரிந்திருக்கும், அவரிடம் நீயே கேட்டுக்கொண்டு வா என்றேன். ஆய்வகமே ஆபத்து என்று பூட்டி வைக்கும் பள்ளிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இந்தப் பிள்ளைகள் வீட்டில் ப்ளீச்சிங் பவுடர், கழிவறைக்கு ஆசிட், பட்டறையில் காஸ்டிக். பூட்டால் அவர்களை இதிலிருந்தெல்லாம் விலக்கி வைக்க முடியாது. கண்ணெதிரே காரணத்தோடு பழகக் கிடைக்கும் ஒரே இடம் இந்த அறை.

மறுநாள் அவன் வந்து சொன்னது: 'தண்ணியிலதான் ஊத்துவோம்னாருங்க. ஆனா கண்ணுக்குக் கண்ணாடி போடறதில்லைனாருங்க.'

ஜூலை 18

மஞ்சள் தாள் வகுப்பு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று ஒருவன் எழுந்து சொன்னான், பெருமையாக. மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து வடிதாளில் தடவிக் காய வைத்தோம். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டதும் சிவந்தது. ஆரத்தி என்று எல்லோரும் கத்தினார்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சள். அமிலத்தில் மஞ்சள் தாள் நிறம் மாறாது என்பதால் அமிலத்தைக் கண்டறிய லிட்மஸ்தான் வேண்டும் என்பதையும் பார்த்துக்கொண்டார்கள்.

எலுமிச்சைச் சாறு இருந்ததால் ஒருவன் விரலை நக்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். ஆய்வகத்துக்குள் வந்துவிட்டால் எலுமிச்சையும் உணவில்லை. முகர்வதற்கும் ஒரு முறை உண்டு. அம்மோனியாப் புட்டியை மூக்கில் வைக்காமல், தள்ளிப் பிடித்துக் கையால் காற்றை விசிறி லேசாக இழுக்க வேண்டும்.

ஜூலை 25

விளக்குக்கு மேல் வைக்கும் இரும்பு முக்காலியை ஒரு பெண் தொட்டுவிட்டாள். விளக்கு அணைந்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. சூடான இரும்பும் கண்ணாடியும் ஆறியது போலவேதான் தெரியும். தொடுவதற்கு முன் புறங்கையை அருகில் கொண்டுபோனால் தெரிந்துவிடும்.

தோழி பற்பசை எடுக்க ஓடினாள், இன்னொருத்தி மை தேடினாள். இரண்டையும் தடுத்து, கையைக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே பிடிக்க வைத்தேன், 20 நிமிஷம். மேலே எரிச்சல் நின்றாலும் உள்ளே இறங்கிய சூடு தணிய அவ்வளவு நேரம் வேண்டும். பற்பசை அந்தச் சூட்டை மூடித்தான் வைக்கும். கொப்புளம் வரவில்லை. தண்ணீரில் கையை வைத்தபடியே அவள் கேட்டாள், கண்ணில் அமிலம் பட்டால் காரம் விட்டுச் சரிசெய்யலாமா என்று. கூடவே கூடாது. அந்த வினையிலும் சூடு பிறக்கும், காரமும் கண்ணைக் கெடுக்கும். இமையை விரித்துப் பிடித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 6

ஆடிப்பதினெட்டு நோம்பி முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். இன்று கழுவும் வகுப்பு. மிஞ்சியதைப் புட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது, ஒரு சொட்டு அழுக்கு புட்டி முழுவதையும் கெடுக்கும். நீர்த்த அமிலத்தில் சலவைச் சோடா போட்டு, நுரை நின்றபின் நிறையத் தண்ணீரோடு விடலாம். காப்பர் சல்பேட், சில்வர் நைட்ரேட் மிச்சத்துக்குத் தனிக் கேன்.

கொஞ்சம்தானே மிஸ், சாக்கடையில் விட்டால் என்ன என்றார்கள். ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றிச் சொன்னேன். பாசனத்துக்காக 1992-இல் நொய்யலில் கட்டியது, நமக்குப் பக்கத்தில்தான். திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கி, கீழே விவசாயம் பாழானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றமே உத்தரவிட வேண்டி வந்தது. அப்போது இவர்கள் கைக்குழந்தைகள். ஒருத்தியின் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, அங்கே தோட்டம் இருந்ததாம். அவள் எழுந்து மீதியைச் சொன்னாள், எனக்குத் தெரியாத விவரங்களோடு.

பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பாதுகாப்புக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று. வந்ததும், சொட்டுச் சொட்டாக அளந்து விடும் குழாயான பியூரெட்டை எடுக்கலாம்.