ஈடி ஒருவழியாக வாய்க்குள் வந்தது

ஐ ஃபேஸ்ட் இட், ட்ரில்ட் இட், டாப்ட் இட். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, ஒன்றில்கூட ஈடி, அதாவது ஆங்கில இறந்தகால வினையின் வாலில் வரும் -ed, 'டு' என்று இழுபடாமல் பதிவாகியிருக்கிறது. ஒலிப்பதிவை அலையாகக் காட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் பெரிதாக்கியும் பார்த்தாயிற்று, சுத்தமாக நிற்கிறது. பட்டறையில் சொன்னால் "அதுக்கென்னங்க இப்போ?" என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

சிம்பிள் பாஸ்ட் எப்போது வரும், எப்போது வராது என்று ஆரம்பிக்கப் போவதில்லை. கோ-வென்ட், பை-பாட் பட்டியலையும் எல்லாரும் உருப்போட்டு முடித்திருப்பீர்கள். தாளில் எழுதச் சொன்னால் நம்மில் யாருக்கும் தப்பாது. வாயைத் திறக்கும்போதுதான் சிக்கல்.

என் பயிற்சி ரொம்பச் சாதாரணம். சாயங்காலம் லேத்தை நிறுத்தியதும், அன்றைக்குச் செய்த வேலையை ஆங்கிலத்தில் சொல்லி போனில் பதிவு செய்வேன். எல்லாம் முடிந்துபோன வேலை, ஆகவே இறந்தகாலம் தானாக வந்துவிடும். வினைச்சொல்லுக்கும் பஞ்சமில்லை: டர்ன்ட், போர்ட், ஃபேஸ்ட், ட்ரில்ட், டாப்ட், பாலிஷ்ட், த்ரெடட். 'கட்', 'செட்' இரண்டும் மாறவே மாறாத நல்ல பிள்ளைகள். கிரைண்ட் மட்டும் கிரவுண்ட் என்று வேஷம் மாறும். 'ஐ கிரவுண்ட் தி டூல்' என்று சொன்னால், டூலைத் தரையில் போட்டுவிட்டதாக நினைத்து எங்கள் பையன் குனிந்து தேடுகிறான். ஆங்கிலம் தெரிந்த சூப்பர்வைசர்களே கிரைண்டட் என்றுதான் சொல்கிறார்கள், இவனைக் குறை சொல்லி என்ன?

இனி ஈடி. எழுத்தில் ஒன்றுதான், ஒலியில் மூன்று. வினை 'ஃபிட்', 'த்ரெட்' மாதிரி t அல்லது d ஒலியில் முடிந்தால் கூடுதலாக ஓர் அசை வரும்: த்ரெடட், ஃபிட்டட், லோடட். இது நமக்கு எளிது. மற்ற இரண்டில்தான் வம்பு. கழுத்தில் விரலை வைத்து வினையின் கடைசி ஒலியைச் சொல்லிப் பாருங்கள். அதிர்ந்தால் 'படம்' என்பதில் வரும் ட: டர்ன்ட், ட்ரில்ட், போர்ட். அதிராவிட்டால் 'பட்டம்' என்பதில் வரும் ட்ட: டாப்ட், ஃபேஸ்ட், பாலிஷ்ட், வாக்ட். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால், நோட்டில் தமிழில் எழுதி வைத்துப் படிப்பவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். 'மவுண்டட்' என்று எழுதிப் படித்தால் ண்-க்குப் பிறகு வரும் ட, 'வண்டி'யில் வருவதுபோல மெலிந்துவிடும். சொல்லே வேறாகிவிடும்.

இந்த விதி புரிய அரை மணி நேரம் போதும். வாய்க்கு வருவதுதான் மாதக் கணக்கில் இழுத்தது. காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் க், ச், ட், த், ப், ற் என்று வல்லின மெய்யில் முடியாது. முடிய வேண்டிய இடத்தில் ஒரு குற்றியலுகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும்: நாக்கு, காடு, பாட்டு. பஸ்ஸு, பேங்கு, லேத்து என்று நாம் சொல்வதும் அப்படித்தான். டாப்ட் என்று வரும்போது கடைசியில் இரண்டு வல்லினம் அடுத்தடுத்து நிற்கின்றன. விடுவோமா? 'டாப்டு', 'ஃபேஸ்டு', 'வாக்குடு'. ஆடாசிட்டியில் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். சுத்தமான ட் என்றால் ஒரு சின்ன மௌன இடைவெளி, பிறகு ஒரு குத்து, அத்தோடு சரி. உகரம் சேர்ந்திருந்தால் அந்தக் குத்துக்குப் பின்னால் ஒழுங்கான அலைகள் கொஞ்ச தூரம் போகும். என் பழைய பதிவுகள் முழுக்க அந்த அலைகள்தான்.

மெய்யை மட்டும் தனியாகச் சொல்லிப் பழகச் சொல்லிப் பல வீடியோக்கள் இருக்கின்றன. எனக்கு அது உதவவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு சொன்னால், ட் வருவதற்குப் பதிலாகக் காணாமலே போய்விடுகிறது. 'ஐ வாக்' என்று நிகழ்காலமாக நின்றுவிடும்.

கடைசியில் கைகொடுத்தது நன்னூல். சிரிக்காதீர்கள். 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்' என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் குற்றியலுகரம் மெய்யை விட்டுவிட்டு ஓடிவிடும். காடு + எல்லாம், காடெல்லாம். நம் வாய் இதைப் பிறந்ததிலிருந்தே செய்துகொண்டிருக்கிறது. அப்படியானால் ஈடிக்குப் பின்னால் எப்போதும் ஓர் உயிரை வைத்தால் என்ன? டாப்டு + இட். உகரம் ஓடியது. டாப்-டிட். ஃபேஸ்-டிட். ட்ரில்-டிட். வாக்ட் இன், வாக்-டின். பிக்ட் இட் அப், பிக்-டி-டப். ஆங்கிலேயர்களும் சேர்த்துப் பேசும்போது இப்படித்தான் அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுகிறார்கள். நான் குறுக்கு வழி என்று நினைத்துப் பிடித்தது அவர்களுக்கு நேர்வழியாகவே இருக்கிறது.

அதன்பிறகு இரண்டு வாரம் போல 'இட்', 'இன்', 'அட்', 'அப்', 'ஆல்' தவிர வேறெதுவும் ஈடிக்குப் பின்னால் வரக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். என் மருமகள், அக்கா மகள், பொறியியல் படிக்கிறாள்; பதிவுகளை அவளுக்குத்தான் அனுப்புவது. பாதிக்கு மேல் "மாமா, 'வாக்' தான் கேக்குதுங்க" என்று பதில் வரும். போன வாரம் "மாமா, இப்பத்தானுங்க பாஸ்ட் டென்ஸ் காதுல விழுது" என்று அனுப்பினாள். அதை ஸ்டார் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் கதை வேறு. 'டாப்ட் தி ஹோல்', 'பாலிஷ்ட் தி ஷாஃப்ட்' ஓரளவு வருகிறது. ட்-டை வெடிக்க விடாமல், நாக்கை மேலே ஒட்டி வைத்தபடியே அடுத்ததற்குத் தாவ வேண்டும். ஆனால் 'ஆஸ்க்ட் மீ' இருக்கிறதே, அது என் எதிரி. ஸ், க், ட், ம், நான்கு மெய் வரிசையாக. ஒரு சொல் வரும் யூடியூப் வீடியோக்களைத் தேடித் தரும் யூக்ளிஷ் தளத்தில் வரிசையாகக் கேட்டதில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் நிறையப் பேர் க்-கை விழுங்கிவிட்டு 'ஆஸ்ட்' என்றே சொல்வது தெரிந்தது. அவர்களே விழுங்கும்போது நான் மட்டும் ஏன் நாக்கை முறுக்கிக்கொள்ள வேண்டும்? இருந்தாலும் ஒருமுறையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு.

கருவிகள் பற்றிக் கேட்பவர்களுக்கு: கோவை காந்திபுரத்தில் 400 ரூபாய்க்கு ஒரு காலர் மைக் வாங்கினேன். ஸ், ஷ் எல்லாம் இரைச்சலில் கரைந்துபோகிறது. ஈடி பழகுகிறவருக்கு அது வீண். போனோடு வந்த பழைய இயர்போனின் மைக்கே அதைவிடத் தெளிவு. உச்சரிப்புக்கு ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதி தளம் நல்லது, வினையின் கீழே இறந்தகால வடிவத்துக்கும் தனியாக ஒலி வைத்திருக்கிறார்கள். கேட்பதற்கு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மெதுவான ஆங்கிலச் செய்திகள், 1959-ல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற பெயரில் தொடங்கியவை; பழைய பதிவுகள் சிலவற்றை இறக்கி வைத்திருக்கிறேன். இலக்கணப் புத்தகம் வேண்டுமென்றால் புதிதாக வாங்காதீர்கள். உக்கடம் பழைய புத்தகக் கடையில் பென்சில் கோடு போட்டது கிடைக்கும். எனக்குக் கிடைத்ததில் முந்தைய ஆள் பாஸ்ட் டென்ஸ் பாடம் வரைக்கும் விடை எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறார்.

இன்னும் பிடிவாதமாக நிற்பது 'டிட் யூ வென்ட்?'. 'ஐ டிடின்ட் வென்ட்' என் வாயில் வருவதில்லை, கேள்வியில் மட்டும்தான் நழுவுகிறது. ஏன் என்று யோசித்தால் தமிழ்தான் காரணம் போலிருக்கிறது. 'போகவில்லை' என்பதில் இறந்தகாலம் காட்டும் எதுவும் 'போக' மீது இல்லை, மொட்டையாக நிற்கிறது. 'டிடின்ட் கோ'வும் அப்படியே. ஆனால் 'போனாயா?' என்று கேட்கும்போது இறந்தகாலம் வினையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே நம் மண்டை வென்ட்டைத் தேடிப் போகிறது. இதற்கு மருந்தாக, 'டிட்' சொன்னதும் ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்கிறேன். டீக்கடையில் யாரிடமாவது கேட்கும்போது இந்த நிறுத்தம் ரொம்பப் பந்தாவாகத் தெரிகிறது என்று நண்பர் சொன்னார். பந்தாவாகவே இருக்கட்டும்.

இதை முடிக்காமலே அடுத்ததில் கை வைத்துவிட்டேன். 'நேத்து பொள்ளாச்சி போயிருந்தேன்' என்று நாம் சொல்வதை அப்படியே 'ஐ ஹேட் கான் டு பொள்ளாச்சி எஸ்டர்டே' என்கிறோம். அங்கே வெறும் 'வென்ட்' போதும். ஹேட் வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு சம்பவம் பேச்சில் இருக்க வேண்டும். ஒரு வாரம் ஹேட் என்ற சொல்லையே தொடாமல் பேசிப் பார்ப்பதாகத் திட்டம். திங்கட்கிழமை ஒரு கியர் ஷாஃப்ட் ஆர்டர் வருகிறது, கீவே என்ற பள்ளம் வெட்டும் வேலை நிறைய. பதிவுக்கு நல்ல தீனி. 'ஆஸ்க்ட் மீ'யை க்-கோடு முழுசாகச் சொல்ல வழி தெரிந்தவர்கள் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.